டேப்லெட்டில் சார்ஜ் ஏற ஒரு ராத்திரி போதவில்லை, பேட்டரி போய்விட்டதா?

வெள்ளிமீன்:

வணக்கம். அம்மாவின் டேப்லெட்டைப் பற்றிய கேள்வி. 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப், டைப்-சி போர்ட், வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. பேட்டரி 7,600 எம்ஏஎச் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முழுசாக ஏறிவிடும். இப்போது இரண்டு மாதமாக ஒரே இழுபறி. நேற்று ராத்திரி 10 மணிக்கு 15 சதவீதத்தில் சார்ஜில் போட்டேன், காலை 7 மணிக்கு எழுந்து பார்த்தால் 74 தான். ஒன்பது மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறது, யாரும் தொடக்கூட இல்லை.

பூட்டுத் திரையில் "மெதுவாக சார்ஜாகிறது" என்று வருகிறது. வீடியோ பார்த்துக்கொண்டே போட்டால் இன்னும் மோசம், சார்ஜர் செருகியிருக்கும்போதே சதவீதம் ஒன்றொன்றாக இறங்குகிறது. அம்மாவுக்கு போன் திரையில் எழுத்து தெரியாது, செய்தி படிப்பதும் பேரப்பிள்ளைகளோடு பேசுவதும் எல்லாம் இதில்தான், அதனால் சும்மா விட்டுவிட மனசு வரவில்லை.

பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன சார்ஜர் என்ன கேபிள் என்று எதுவும் கேட்காமலே "பேட்டரி போச்சு, மாத்தணும்" என்றார்கள். திரையைச் சூடுகாட்டிப் பெயர்த்துத்தான் மாற்ற வேண்டுமாம், உடைந்தால் பொறுப்பில்லை என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பயந்துதான் இங்கே எழுதுகிறேன். நான் செய்து பார்த்தது: ஆஃப் செய்து ஆன் செய்தேன், வேண்டாத ஆப்களை நீக்கினேன், பிளக் பாயின்ட் மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பேட்டரிதானா?


செம்புக்கம்பி:

அவசரப்பட்டுத் திரையைப் பெயர்க்க விடாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

15-இலிருந்து 74 என்றால் 59 சதவீதம். 7,600-இல் 59 சதவீதம் ஏறக்குறைய 4,480 எம்ஏஎச். அதை ஒன்பது மணி நேரத்தால் வகுத்தால் சராசரியாக 500 மில்லி ஆம்பியர் பக்கம் வருகிறது. அதைப் பேட்டரியின் வோல்டேஜால் பெருக்கினால், ராத்திரி முழுக்க உங்கள் டேப்புக்குள் போனது 2 வாட், மிஞ்சினால் இரண்டரை வாட். 10 அங்குலத் திரை வெளிச்சமாக எரிந்து வீடியோ ஓடினால் அதற்கே 3, 4 வாட் போய்விடும். வரவு இரண்டரை, செலவு நாலு, அதனால்தான் செருகியிருந்தும் இறங்குகிறது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இந்த 500 என்ற எண்தான் எனக்கு உறுத்துகிறது. பழைய யூஎஸ்பி 2.0 விதிப்படி கணினியின் போர்ட் ஒன்று தர வேண்டிய அளவு 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். மறுமுனையில் இருப்பது நல்ல சார்ஜரா, கணினியா, வேறு என்னவோவா என்று டேப்பால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அது பயந்து அந்த 500-லேயே நின்றுகொள்ளும். பேட்டரி கெட்டுப்போனால் இப்படி ராத்திரி முழுக்க ஒரே சீராக ஊறாது. சதவீதம் குதிக்கும், 30 காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும், சில சமயம் சீக்கிரமாகவே 100 காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் காலியாகும். உங்களுக்கு அப்படி ஏதாவது நடக்கிறதா?

மூன்று விஷயம் சொல்லுங்கள். சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் "அவுட்புட்" என்று இருக்கும் வரியில் என்ன போட்டிருக்கிறது? இப்போது போடும் கேபிள் பெட்டியோடு வந்ததா? பின்பக்கம் எங்காவது உப்பியோ, திரை ஓரம் தூக்கியோ இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், சார்ஜில் போடுவதை உடனே நிறுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியோடு விளையாடக் கூடாது, அழுத்திப் பார்ப்பதும் குத்துவதும் கூடவே கூடாது.


இரட்டைவால்:

எனக்கு இதே மாதிரி வந்தபோது முழுக்கக் காலியாகி அணையும்வரை விட்டுவிட்டு, அப்புறம் அணைத்தபடியே 100 வரைக்கும் ஏற்றினேன். மூன்று தடவை அப்படிச் செய்தால் பேட்டரி பழைய நிலைக்கு வரும். செய்து பாருங்கள்.


செம்புக்கம்பி:

இரட்டைவால், தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து வழக்கம். லித்தியம் அயனை அடிமட்டம்வரை காலியாக்கினால் அதன் ஆயுள்தான் குறையும். ஒரு தடவை முழுக்க இறக்கி ஏற்றினால் திரையில் தெரியும் சதவீதக் கணக்கு சரியாகலாம், அது உண்மை. ஆனால் சார்ஜ் ஏறும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அணைத்தபடி ஏற்றியபோது உங்களுக்கு வேகமாக ஏறியிருக்கும், திரையும் ஆப்களும் தின்னும் மின்சாரம் மிச்சமானதால் வந்த வேகம் அது.


இரட்டைவால்:

சரி, அணைத்து ஏற்றியதால்தான் என்று இப்போது புரிகிறது. இத்தனை நாள் மூன்று பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், அவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.


மாலைநேரம்:

கேபிள், சார்ஜர் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு டார்ச் எடுத்து போர்ட்டுக்குள் அடித்துப் பாருங்கள். டேப்பை உறைக்குள்ளும் மெத்தை மேலும் போர்வை மேலும் போட்டுப் பழகும் வீடுகளில், நூல் பிசிறும் தூசியும் உள்ளே போய், ஒவ்வொரு தடவை செருகும்போதும் இடிபட்டு இடிபட்டு, கடைசிச் சுவரில் கம்பளி மாதிரி இறுகிப் போயிருக்கும். பார்க்க அது போர்ட்டின் அடித்தளம் போலவே இருக்கும், அழுக்கு என்றே தோன்றாது. அடையாளம் என்னவென்றால், பிளக் முழுக்க உள்ளே போகாமல் உலோக விளிம்பு மெல்லிசாக ஒரு கோடு வெளியே தெரியும், "டிக்" என்று உட்காராது, லேசாகத் தொட்டாலே ஆடும்.

எடுக்கும் முறை: டேப்பை முழுக்க அணையுங்கள். மரப் பல்குச்சியின் நுனியைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்குங்கள். டைப்-சி போர்ட்டின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதைத் தொடாமல், சுவர் ஓரமாகவே நுழைத்து அடியிலிருந்து மெதுவாகச் சுரண்டி வெளியே இழுங்கள். ஊசி, பின், ஹேர்பின் எதுவும் வேண்டாம், அந்த நாக்கில்தான் இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 தொடுமுனைகள் இருக்கின்றன, ஒன்று வளைந்தால் கதை முடிந்தது. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.


வெள்ளிமீன்:

இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி.

உப்பல் எதுவும் இல்லை. சமமான மேஜையில் மல்லாக்க வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை, திரை ஓரமும் நேராகத்தான் இருக்கிறது. 30-இல் பொசுக்கென்று அணைவதும் இல்லை.

சார்ஜர் பெட்டியோடு வந்ததுதான். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து, கண்ணால் படிக்கவே முடியவில்லை, போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன்: 5 வோல்ட் 2 ஆம்பியர், 9 வோல்ட் 1.67 ஆம்பியர்.

மாலைநேரம் சொன்னபடி போர்ட்டையும் சுத்தம் செய்தேன். நம்பவே முடியவில்லை, உளுத்தம்பருப்பு அளவுக்கு ஒரு சாம்பல் நிற உருண்டை வந்தது. இப்போது பிளக் "டிக்" என்று உட்காருகிறது, ஆடவில்லை. ஆனால் பூட்டுத் திரையில் அதே "மெதுவாக சார்ஜாகிறது" தான். மின்னோட்டத்தைக் காட்டும் ஆப் ஒன்று போட்டுப் பார்த்தேன், 310, 340 என்று ஏதோ காட்டுகிறது.

கேபிள் பற்றிக் கேட்டீர்கள். பெட்டியோடு வந்தது கழுத்தில் பிய்ந்துபோய்விட்டது. அலமாரியில் கிடந்த நீளமான ஒன்றை எடுத்துப் போட்டோம், இரண்டு மீட்டர் இருக்கும், அம்மா நாற்காலியிலிருந்தே எட்டுவதற்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, அந்தக் கேபிள் மாற்றியும் இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் என் போனுக்கும் அதே கேபிள்தான் ராத்திரியில் போடுகிறேன், காலையில் போன் முழுசாக ஏறியிருக்கிறதே?


செம்புக்கம்பி:

சார்ஜர் பற்றிய அந்தப் பத்தியும் கடைசிப் பத்தியும் போதும். சார்ஜர் நல்ல சார்ஜர், 9 வோல்ட்டில் 15 வாட் தரக்கூடியது. கேபிள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

போன் ஏறுகிறதே என்று கேட்டீர்கள். போன் பேட்டரி டேப்பில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். 500 மில்லி ஆம்பியர் என்றாலும் ராத்திரி எட்டு ஒன்பது மணி நேரத்தில் பெரும்பாலும் நிரம்பிவிடும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அது மூன்று மணிக்கு நிரம்பியதா ஏழு மணிக்கு நிரம்பியதா என்று யாருக்கும் தெரியாது. பெரிய பேட்டரியைப் போடும்போதுதான் கேபிளின் வண்டவாளம் வெளியே வரும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அந்தக் கேபிளால் டேப்பைக் கணினியோடு இணையுங்கள். கோப்புகளை அனுப்பவா என்று டேப் கேட்கிறதா, கணினியில் டேப் ஒரு டிரைவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எதுவுமே வராமல் சார்ஜ் குறி மட்டும் வந்தால் பெரும்பாலும் அந்தக் கேபிளில் தரவுக் கம்பிகள் இல்லை, அல்லது அறுந்துவிட்டன. சாதாரணக் கேபிளுக்குள் நாலு கம்பி: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. உங்கள் மாதிரி சார்ஜரும் டேப்பும் பேசிக்கொள்வதே அந்தத் தரவுக் கம்பி வழியாகத்தான். "நான் சார்ஜர்தான், கணினி இல்லை, 9 வோல்ட்டும் தருவேன்" என்று சார்ஜர் சொல்வது டேப்புக்குக் கேட்கவில்லை என்றால், நான் முதலில் சொன்னபடி அது 500-இல் நின்றுவிடும். மலிவுக் கேபிள்களிலும், விளக்கு, விசிறி போன்ற சின்னச் சாமான்களோடு வரும் கேபிள்களிலும் அந்த இரண்டு கம்பியைப் போடாமலே விட்டுவிடுவது உண்டு.

தரவுக் கம்பி இருந்தாலும் இரண்டு மீட்டர் நீளம் இன்னொரு தொல்லை. கேபிளின் உறை மேல் சிலதில் 28ஏடபிள்யூஜி, 24ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருக்கும், எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. 28 எண் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், ஆக இரண்டு மீட்டர் கேபிளில் நாலு மீட்டர் கம்பி, 0.85 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் புறப்பட்டது டேப்புக்கு வந்து சேரும்போது 3.3 வோல்ட்தான் இருக்கும், அதை வைத்துப் பேட்டரியை நிரப்ப முடியாது. அதனால் வோல்டேஜ் இறங்குவதைப் பார்த்ததும் டேப்பே இழுக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்தில் 20, 22 எண் கம்பி போட்ட கேபிள் என்றால் பிரச்சினை இல்லை. நீளம் தப்பில்லை, மெல்லிசாக இருந்துகொண்டு நீளமாக இருப்பதுதான் தப்பு.

ஆப் காட்டும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சார்ஜரிலிருந்து வருவதைக் காட்டாது. வந்ததில் திரையும் மற்றதும் தின்றது போக பேட்டரிக்குள் போகும் மீதியைத்தான் காட்டும். அதனால் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, மற்ற ஆப்களை மூடி, இரண்டு நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் சார்ஜரையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.


தூரத்துப்பச்சை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. ஆனால் என்னுடையதில் முதல் அரை மணி நேரம் நன்றாக ஏறுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. பையன் விளையாடிக்கொண்டே சார்ஜ் போடுவான். கேபிள் புதுசு.


மாலைநேரம்:

உங்களுடையது சூடு. தடித்த ரப்பர் உறை போட்டிருக்கிறீர்களா? விளையாட்டில் பிராசசர் கொதிக்கும், சார்ஜ் ஏறுவதும் சூடு, இரண்டும் சேர்ந்து உறைக்குள் அடைபட்டுவிடும். பேட்டரி 40, 45 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது டேப் தானாகவே சார்ஜைக் குறைக்கும், ரொம்பப் போனால் நிறுத்தியே விடும். அது பழுதில்லை, பேட்டரியைக் காப்பாற்றச் செய்வது. அந்த ஆப்பிலேயே வெப்பநிலையும் காட்டும், அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். உறையைக் கழற்றி, மெத்தை மேல் போடாமல் மேஜை மேல் வைத்து, விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஏற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.


வெள்ளிமீன்:

கணினியில் செருகிப் பார்த்துவிட்டேன். சார்ஜ் குறி மட்டும்தான் வந்தது. கேள்வியும் வரவில்லை, டிரைவும் தெரியவில்லை. நாலு தடவை கழற்றி மாட்டினேன், கேபிளைத் திருப்பிப் போட்டேன், அதேதான்.

தம்பியின் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கினேன், ஒரு மீட்டர், கொஞ்சம் தடிமன். அதே சார்ஜர், அதே பிளக் பாயின்ட், கேபிளை மட்டும் மாற்றினேன். செருகியதும் "வேகமாகச் சார்ஜாகிறது" என்று வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த எழுத்தைப் பார்க்கிறேன், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிச்சத்தைக் குறைத்து ஆப்பில் பார்த்தால் 2,700-இலிருந்து 2,900 வரை ஆடுகிறது.

20-இலிருந்து 80 வரை ஏற 1 மணி 26 நிமிடம். ஆனால் 80-க்கு மேல் மறுபடி மெதுவாகிறது, 92-இல் பார்த்தபோது ஆப்பில் 900 கூட இல்லை. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா? பேட்டரி உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?


செம்புக்கம்பி:

அது பாக்கி இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் முதலில் மின்னோட்டத்தை ஒரே அளவாக வைத்து ஏற்றுவார்கள், பேட்டரி செல்லின் வோல்டேஜ் அதன் உச்சத்தைத் தொட்டதும், அந்த வோல்டேஜைத் தாண்ட விடாமல் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். குடத்தில் தண்ணீர் வாய் வரைக்கும் வந்ததும் குழாயைச் சிறிதாக்குவது போலத்தான். கடைசி 20 சதவீதத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் கவலைப்படாதீர்கள்.

பேட்டரியின் நிலைமைக்கு நீங்களே கணக்கு கொடுத்துவிட்டீர்கள். சராசரி 2,800 மில்லி ஆம்பியர், 86 நிமிடம். நிமிடத்தை மணியாக்கிப் பெருக்கினால் 4,013 எம்ஏஎச். அது 60 சதவீதத்துக்கு. ஆக முழுக் கொள்ளளவு 6,690 பக்கம் வருகிறது. பெட்டியில் போட்டது 7,600, அதில் இது 88 சதவீதம். ஆப்பின் அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் இரண்டரை வருடம் ஓடிய பேட்டரிக்கு இது நல்ல நிலை. மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கேபிளைக்கூடப் பார்க்காமல் திரையைப் பெயர்க்கச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னும் ஒன்று, டேப் பெரும்பாலும் செருகியபடியே இருக்கும் என்றால் பேட்டரி அமைப்புகளில் 80 அல்லது 85-இல் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உச்சத்திலேயே நாள் முழுக்க நிற்பது செல்லுக்கு நல்லதில்லை. ஆனால் அதை ஆன் செய்தால் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், 80-இல் நின்றுவிட்டது என்று மறுபடி பயப்படுவார்.


தூரத்துப்பச்சை:

உறையைக் கழற்றி மேஜையில் வைத்தேன், விளையாட்டை நிறுத்தினேன். உறையோடு விளையாடும்போது 44 டிகிரி காட்டியது, இப்போது 34. நிற்காமல் ஏறுகிறது. பையனிடம் சார்ஜ் போடும் நேரம் விளையாட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.


வெள்ளிமீன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு நாற்காலி வரைக்கும் எட்ட வேண்டுமே, அதனால் தரவுக் கம்பியும் உள்ள, 22 எண் போட்ட இரண்டு மீட்டர் கேபிள் ஒன்று வாங்கினேன். முதலில் கணினியில் செருகி டிரைவ் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் டேப்புக்குப் போட்டேன். தம்பி கேபிளில் வந்த அளவு அப்படியே வருகிறது. பழைய நீளக் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு ஒட்டு நாடா சுற்றி, "விளக்குக்கு மட்டும்" என்று எழுதி மேஜை விளக்கில் மாட்டிவிட்டேன்.